முதலில் காது, பிறகு கண்



'அனவரகோ' என்பது எந்த மொழிச் சொல்? சற்று யோசித்துச் சொல்லுங்கள் பார்க்கலாம். ஜப்பானிய மொழியா? ஆப்பிரிக்க மொழிகளில் ஒன்றா? இரண்டும் இல்லை. இது ஆங்கிலம். ஆன், அவர், எகோ என்னும் மூன்று எளிய சொற்கள் சேர்ந்தது. 'ஒரு மணி நேரத்துக்கு முன்பு' என்பது பொருள். பாடப் புத்தகத்தில் பார்த்தால் தடுமாறாமல் படித்துவிடுவீர்கள். ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் இயல்பான வேகத்தில் சொல்லும்போது, மூன்று சொற்களும் ஒன்றாகி 'அனவரகோ' என்றே காதில் விழும்.

கண்ணுக்குத் தெரிந்த மொழி காதுக்குத் தெரியாமல் போவது இப்படித்தான். ஆங்கிலத் தாளில் நிறைய மதிப்பெண் வாங்கிய மாணவர்கள் பலர் கல்லூரியின் முதல் மாதத்திலேயே திகைத்துப் போகிறார்கள். பேராசிரியர் கரும்பலகையில் எழுதினால் புரிகிறது, பேசினால் புரிவதில்லை. பக்கத்தில் இருப்பவர் தலையாட்டுகிறார், தாமும் தலையாட்டுகிறார்கள். சந்தேகம் கேட்கக் கூச்சம். சில வாரங்களில் 'எனக்கு மூளை போதாது' என்று தாமே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார்கள். குறிப்பாக, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இப்படி வாயடைத்துப் போவதுண்டு.

இந்தத் தீர்ப்பு தவறானது. குறை மூளையில் இல்லை. நாம் கண்ணுக்குப் பல ஆண்டுகள் பயிற்சி கொடுத்தோம், காதுக்குக் கொடுக்கவில்லை. இந்தப் பயிற்சிக்கு இன்று மிக நல்ல கருவி ஒன்று இருக்கிறது. ஒரு சிறு வீடியோத் துணுக்கும், அதில் பேசப்படுவதைச் சொல்லுக்குச் சொல் எழுதிவைத்த எழுத்துப்படியும்தான் அது. ஆனால் பெரும்பாலோர் இந்தக் கருவியைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். முதலில் எழுத்தைப் படித்துவிட்டுப் பிறகு கேட்கிறார்கள். முதலில் காது, பிறகு கண் என்பதே சரியான வரிசை என்பது என் கருத்து. ஏன் என்பதை இனிப் பார்ப்போம்.

இடைவெளி காகிதத்தில்தான் உண்டு

எழுதும்போது சொல்லுக்குச் சொல் இடம் விடுகிறோம். பேசும்போது அப்படி விடுவதில்லை. உங்கள் பேச்சைக் கணினியில் பதிவு செய்து, அதன் ஒலியலையை வரைபடமாகப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லும் முடியுமிடத்தில் கோடு அடங்கியிருக்கும் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். அப்படி இராது. பல சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். அதைவிட வியப்பு, ஒரே சொல்லின் நடுவில் ஒலி அடங்கியிருக்கும்! 'பத்து' என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு பல்லில் ஒட்டி நிற்கும் அந்தக் கணத்தில் ஒலியே இல்லை. ஆகவே, மௌனம் வந்தால் சொல் முடிந்தது என்று காது முடிவு கட்ட முடியாது. சொற்களைப் பிரித்தெடுப்பது மூளையின் வேலை.

தமிழில் இந்த வேலையை நாம் உணராமலே செய்துவிடுகிறோம். 'என்ன செய்துகொண்டிருக்கிறாய்?' என்று எழுதுகிறோம். வீட்டிலே 'என்ன செஞ்சிட்டிருக்கே?' என்கிறோம். புத்தகத்தில் மட்டுமே தமிழ் கற்ற ஒரு வெளிநாட்டவர் மதுரைப் பேருந்து நிலையத்தில் வந்து நின்றால் என்ன ஆகும்? நடத்துநர் சொல்வதில் ஒரு சொல்கூட அவருக்குப் பிடிபடாமல் போகலாம். அவர் தமிழ் கற்றது பொய்யில்லை. அவருடைய காது தமிழ்ப் பேச்சுக்குப் பழகவில்லை, அவ்வளவே. ஆங்கிலப் பேச்சின் முன் நாம் நிற்கும் நிலையும் அதுதான்.

ஆங்கிலத்துக்கும் புணர்ச்சி உண்டு

தமிழ் இலக்கண வகுப்பில் புணர்ச்சி படித்திருப்பீர்கள். நிலைமொழியின் இறுதி மெய்யோடு வருமொழியின் முதல் உயிர் சேர்ந்துவிடும். 'தமிழ்' என்பதும் 'இனிது' என்பதும் 'தமிழினிது' ஆகும். ஆங்கில ஆசிரியர்கள் இப்படி ஓர் இயலை நடத்துவது அரிது. ஆனால் ஆங்கிலப் பேச்சிலும் இதே நிகழ்ச்சி இடைவிடாமல் நடக்கிறது. 'பிக் இட் அப்' என்பது 'பிக்கிட்டப்' ஆகிறது. முன்னே சொன்ன 'அனவரகோ'வும் அப்படிப் பிறந்ததுதான்.

கெடுதலும் உண்டு. 'நெக்ஸ்ட் டே' என்பதில் நடுவிலுள்ள டகர ஒலி மறைந்து 'நெக்ஸ் டே' என்று வரும். 'கோயிங் டு' என்பது அமெரிக்கர் பலரின் பேச்சில் 'கனா' என்றே சுருங்கிவிடும். பொருள் தெரியாதவருக்கு அது கனாப் போலத்தான் இருக்கும்!

இவற்றையெல்லாம்விட முக்கியமானது உயிரொலிகளின் சுருக்கம். நம் இலக்கணத்தில் குற்றியலுகரம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? 'பாட்டு', 'காசு' ஆகிய சொற்களின் ஈற்றிலுள்ள உகரம் ஒரு மாத்திரை ஒலிக்காமல் அரை மாத்திரையாகக் குறுகுகிறது. ஆங்கிலத்தில் அழுத்தம் பெறாத அசைகளின் உயிரொலிகளில் பெரும்பாலானவை இப்படிக் குறுகிவிடுகின்றன. 'ஃபோட்டோகிராஃப்' என்னும் சொல்லில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. 'ஃபடாக்ரஃபி' என்றதும் அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகர்கிறது. முதலில் கம்பீரமாக ஒலித்த ஓகாரம் தேய்ந்துபோகிறது. 'அண்ட்' என்னும் சிறு சொல் வெறும் 'ன்' ஆகிவிடும். 'பிரெட் அண்ட் பட்டர்' என்பதை 'பிரெடன்பட்டர்' என்றே கேட்போம். நாமோ எல்லா அசைகளையும் ஏறத்தாழ ஒரே எடையில் உச்சரித்துப் படித்தவர்கள். எனவே நாம் எதிர்பார்க்கும் ஒலி வேறு, வந்து விழும் ஒலி வேறு.

ஆக, ஆங்கிலேயர் 'வேகமாகப் பேசுகிறார்' என்று நாம் குறைப்படும்போது, வேகத்தை மட்டும் குற்றம் சொல்வதில் பயனில்லை. நிதானமான சொற்பொழிவில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 சொற்கள் வரும். நொடிக்கு இரண்டரைச் சொல். இது அப்படியொன்றும் மலைக்க வைக்கும் வேகமில்லை. சொற்கள் உருமாறி வருவதே நம்மைத் திணற வைக்கிறது.

கேட்பது காதா, மூளையா?

இந்த உருமாற்றம் ஆங்கிலேயர்களுக்கே எவ்வளவு கடினம் என்பதைக் காட்டிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. 1960களில் அமெரிக்காவைச் சேர்ந்த பொல்லாக், பிக்கெட் என்னும் இருவர் இயல்பான உரையாடல்களை நாடாவில் பதிவு செய்து, அவற்றிலிருந்து தனிச் சொற்களை வெட்டியெடுத்துப் பிறருக்குப் போட்டுக் காட்டினார்கள். கேட்டவர்களின் தாய்மொழி ஆங்கிலமே. அப்படியிருந்தும் ஏறத்தாழப் பாதிச் சொற்களைத்தான் அவர்களால் அடையாளம் காண முடிந்தது. முன்னும் பின்னும் இருந்த சொற்களைச் சேர்த்துப் போட்டதும் புரிந்துவிட்டது. அதாவது, ஒலி பாதி சொல்கிறது. மீதியை மூளை ஊகிக்கிறது.

1970இல் ரிச்சர்ட் வாரன் என்னும் உளவியலறிஞர் இன்னொரு வேடிக்கை செய்தார். ஒரு வாக்கியத்தைப் பதிவு செய்து, அதில் ஒரு சொல்லின் நடுவே இருந்த ஒலியை வெட்டியெறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலைப் பொருத்தினார். கேட்ட 20 பேரில் 19 பேர், எந்த ஒலியும் விடுபடவில்லை என்றே சொன்னார்கள். இல்லாத ஒலியை மூளை இட்டு நிரப்பிவிட்டது!

இந்தத் திறமை பிறவியிலேயே முழுமையாக வந்துவிடுவதில்லை. கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆராய்ச்சியைப் பாருங்கள். இந்தியில் நாக்கை மடித்துச் சொல்லும் டகரமும், பல்லில் ஒட்டிச் சொல்லும் தகரமும் உண்டு. நம் 'பட்டு', 'பத்து' இரண்டுக்கும் உள்ள வேறுபாடு போன்றது அது. ஆங்கிலம் பேசும் பெரியவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடுவதில்லை. ஆனால் ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த ஆறேழு மாதக் குழந்தைகளுக்கு அது கேட்கிறது! ஒரு வயது நெருங்கும்போது அந்த ஆற்றல் குறைந்துவிடுகிறது. தன்னைச் சுற்றி வழங்கும் மொழிக்கு எது தேவையோ அதற்கேற்பக் குழந்தையின் காது இசைந்துகொள்கிறது.

அப்படியானால் வளர்ந்தபின் ஒன்றும் செய்ய முடியாதா? முடியும். ஜப்பானியருக்கு ஆங்கிலத்தின் ரகர, லகர ஒலிகளைப் பிரித்தறிவது கடினம். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் டேவிட் பிசோனி குழுவினர், ஜப்பானியருக்குச் சில வாரங்கள் பதிவுகளைப் போட்டுக் காட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். ஒலியைக் கேட்க வேண்டும், எந்தச் சொல் என்று விடை சொல்ல வேண்டும், சரியா தவறா என்பது உடனே தெரிவிக்கப்படும். தேர்ச்சி கூடியது. இன்னொன்றும் தெரிந்தது. பலருடைய குரல்களில் பயின்றவர்கள் புதிய குரல்களையும் சமாளித்தார்கள். ஒரே குரலில் பயின்றவர்களுக்கு அது கைகூடவில்லை.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. கேட்டவுடன் விடையை ஊகிக்க வேண்டும். ஊகம் சரியா என்று உடனே சரிபார்க்க வேண்டும். இது முதலாவது. ஒருவர் குரலோடு நின்றுவிடக் கூடாது என்பது இரண்டாவது.

நிலாவில் தொலைந்த ஓர் எழுத்து

உலகமே கேட்ட ஒரு வாக்கியத்தில்கூட ஒரு சிறு சொல் தொலைந்துபோனது தெரியுமா? 1969 ஜூலையில் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலாவில் கால் வைத்தார். 'ஒரு மனிதனுக்கு இது ஒரு சிறிய காலடி. மனித குலத்துக்கோ மாபெரும் பாய்ச்சல்' என்பது அவர் சொல்ல நினைத்தது. ஆங்கிலத்தில் 'ஃபார் எ மேன்' என்றால்தான் 'ஒரு மனிதனுக்கு' என்று பொருள் வரும். ஆனால் பூமியில் கேட்டவர்களுக்கு 'ஃபார் மேன்' என்றே விழுந்தது. நடுவிலிருந்த 'எ' இல்லாவிட்டால் 'மனித இனத்துக்கு' என்று பொருள் மாறி, வாக்கியமே முரண்படுகிறது. தாம் அந்தச் சொல்லைச் சொல்லவே எண்ணியதாக ஆம்ஸ்ட்ராங் பின்னர் கூறினார்.

இந்த வழக்கை மொழியியலறிஞர்கள் விடவில்லை. ஆம்ஸ்ட்ராங் பிறந்தது அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம். அந்த மாநிலத்தவர் பேசிய உரையாடல் பதிவுகளை ஆராய்ந்து, 2016இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று. அவர்கள் பேச்சில் 'ஃபார் எ' என்ற இரு சொற்களும் ஒன்றாய்க் கரைந்து, வெறும் 'ஃபார்' போலவே ஒலிப்பதுண்டு என்று அதில் காட்டினார்கள். ஆகவே அவர் சொல்லியிருக்கவும் கூடும். கேட்டவர்கள் தவறவிட்டிருக்கவும் கூடும்.

ஆங்கிலம் தாய்மொழியான கோடிக்கணக்கானவர்களே தவறவிட்டிருக்கக்கூடிய சொல் என்றால், நீங்கள் ஒரு சொல்லைத் தவறவிட்டதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. எந்தச் சொல்லைத் தவறவிட்டோம் என்று தேடுவதே பயிற்சி.

பாட்டுப் புத்தகத்தின் பாடம்

முன்பெல்லாம் திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள் தெருவோரத்தில் விற்கும். வானொலியில் பலமுறை கேட்டும் விளங்காத ஒரு வரி, பாட்டுப் புத்தகத்தைப் பார்த்ததும் 'அட, இதுவா!' என்று விளங்கிவிடும். அதன்பிறகு அந்த வரி எப்போதும் தெளிவாகவே கேட்கும். எழுத்து காதுக்கு உதவும் விதம் இது.

ஆனால் பாட்டுப் புத்தகத்தை முதலிலேயே படித்துவிட்டவருக்கு என்ன நேரும்? எல்லா வரியும் தெளிவாகக் கேட்பதுபோல் தோன்றும். அது காதின் வேலை அன்று. வாரனின் இருமல் சோதனையில் நடந்ததுபோல், படித்த நினைவை வைத்து மூளை இட்டு நிரப்பும் வேலை. எந்த இடத்தில் தம் காது தோற்றது என்பதே அவருக்குத் தெரியாமல் போகும். தோற்ற இடம் தெரியாவிட்டால் திருத்துவது எப்படி? விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

திரையின் அடியில் ஓடும் சப்டைட்டில் எழுத்துகளும் அப்படித்தான். எழுத்தறிந்தவர் கண், எழுத்தைக் கண்டால் படிக்காமல் இராது. இந்தப் பழக்கத்தை நல்ல காரியத்துக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி, தொலைக்காட்சித் திரைப்பாடல்களின் அடியில் அதே மொழியில் பாட்டின் வரிகளை ஓடவிட்டு, மக்களின் வாசிப்பை வளர்க்கும் முயற்சியை மேற்கொண்டார். 1999இல் குஜராத்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியில் இது தொடங்கியது. வாசிப்பை வளர்க்க இது அருமையான வழி. நமக்கு வேண்டியதோ வாசிப்பு அன்று, கேட்டல்.

தமிழ்ச் சப்டைட்டிலோடு ஆங்கிலப் படம் பார்த்தால் ஆங்கிலம் 'தானாக வந்துவிடும்' என்று சொல்வோர் உண்டு. கதை வரும், ஆங்கிலம் வருவது சந்தேகம். நெதர்லாந்தில் மிட்டரர், மெக்வீன் என்னும் இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். டச்சு மொழி பேசும் மாணவர்களுக்கு, அவர்களுக்குப் பழக்கமில்லாத ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்புகளில் ஆங்கில வீடியோ காட்டப்பட்டது. ஆங்கிலச் சப்டைட்டிலோடு பார்த்தவர்கள் பிறகு அதே உச்சரிப்பில் வந்த புதிய வாக்கியங்களை நன்கு புரிந்துகொண்டார்கள். டச்சுச் சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கோ, புதிய வாக்கியங்களைக் கேட்பதில் அது இடையூறாகவே முடிந்தது. ஆகவே எழுத்து வேண்டும். அது ஆங்கில எழுத்தாகவே இருக்க வேண்டும். அதையும் காது முயன்று பார்த்த பிறகே திறக்க வேண்டும் என்கிறேன் நான்.

செய்முறை

வேதியியல் ஆய்வகத்தில் செய்முறை எழுதுகிறோமே, அதுபோலவே இதையும் செய்யலாம். தேவையானவை: ஒரு நிமிட வீடியோத் துணுக்கு, அதன் எழுத்துப்படி, ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில், சிவப்புப் பேனா. ஒரு நிமிடம் போதும். அதிலேயே 150 சொற்கள் இருக்கும்.

முதற்படி: எழுத்துப்படியை மூடிவையுங்கள், சப்டைட்டிலை நிறுத்துங்கள். துணுக்கு முழுவதையும் இருமுறை கேளுங்கள். எதைப் பற்றிய பேச்சு என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். பேசுபவர் முகம் தெரிந்தால் உதட்டைக் கவனியுங்கள். கண்ணும் கேட்கும் என்பதை 1976இல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்பவர்கள் காட்டினார்கள். 'ப' என்னும் ஒலியைப் போட்டு, 'க' சொல்லும் உதட்டைக் காட்டினால், பலருக்கு 'ட' போன்ற மூன்றாவது ஒலி கேட்கிறது!

இரண்டாம் படி: வாக்கியம் வாக்கியமாக நிறுத்திக் கேட்டதை எழுதுங்கள். சொல் தெரியாவிட்டால் காதில் விழுந்த ஒலியைத் தமிழ் எழுத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். 'அனவரகோ' என்று எழுதுவதில் தவறேயில்லை. அதுதான் உங்கள் சோதனையின் தரவு. ஒரு வாக்கியத்தை ஐந்து முறைக்கு மேல் கேட்க வேண்டாம்.

மூன்றாம் படி: இப்போது எழுத்துப்படியைத் திறந்து, சிவப்புப் பேனாவால் திருத்துங்கள். பிழைகளை மூன்று வகையாகப் பிரியுங்கள். ஒன்று, பொருளே தெரியாத புதிய சொல். இதற்கு மருந்து அகராதி. இரண்டு, தெரிந்த சொல்லே ஆனால் பக்கத்துச் சொல்லோடு கலந்ததால் அடையாளம் தெரியாதது. இதற்கு மருந்து மீண்டும் மீண்டும் கேட்பது. மூன்று, நாம் தவறான உச்சரிப்போடு மனத்தில் வைத்திருந்த சொல். புதன்கிழமையை 'வெட்னஸ்டே' என்று நினைத்திருந்தால் 'வென்ஸ்டே' என்று கேட்கும்போது எப்படி விளங்கும்? இதற்கு மருந்து, உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு வாய்விட்டுச் சொல்வது. உங்கள் பிழைகளில் இரண்டாம் வகையும் மூன்றாம் வகையுமே மிகுந்திருந்தால், 'எனக்கு ஆங்கிலமே தெரியாது' என்று நீங்கள் சொல்லிவந்தது பொய் என்று பொருள்.

நான்காம் படி: எழுத்தைப் பார்த்தபடி ஒருமுறை கேளுங்கள். பிறகு எழுத்தை மூடிவிட்டு இருமுறை கேளுங்கள். முன்பு இரைச்சலாக இருந்தது சொற்களாகப் பிரிந்து வருவதை உணர்வீர்கள். இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காது கற்பது இங்கேதான்; ஆகவே விடாதீர்கள்.

ஐந்தாம் படி: ஒரு வாரம் கழித்து, எழுத்தைப் பார்க்காமல் அதே துணுக்கை மீண்டும் எழுதிப் பாருங்கள். முதல் நாள் 150இல் 60 சொற்கள் சரியாக வந்தன என்று வைத்துக்கொள்வோம், இப்போது எத்தனை? வாரந்தோறும் ஒரு புதிய துணுக்கை எடுத்து, முதல் நாள் எண்ணிக்கையை வரைபடத்தாளில் குறித்துவாருங்கள். கோடு ஒரே சீராக ஏறாது. சில வாரம் இறங்கும். பேசுபவர் மாறினால் அப்படித்தான்.

எதைக் கேட்கலாம்?

எளிதிலிருந்து கடினத்துக்குப் போவோம். முதலில் நம் டாக்டர் அப்துல் கலாம். 2007 ஏப்ரலில் ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் அவர் ஆற்றிய உரை வீடியோவாகவும் எழுத்தாகவும் கிடைக்கிறது. இராமேசுவரத்துத் தமிழரின் உச்சரிப்பு நம் காதுக்கு நெருக்கமானது.

அடுத்து, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி 1962 செப்டம்பரில் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரை. நிலவுக்கு மனிதனை அனுப்பும் திட்டத்தை அவர் விளக்கிய பேச்சு அது. நிறுத்தி நிறுத்திப் பேசுவார். ஒவ்வொரு இடைநிறுத்தமும் நமக்கு மூச்சுவிட ஓர் இடம்.

மூன்றாவதாக, அப்பல்லோ 11 விண்வெளி வீரர்கள் பூமியோடு பேசிய பதிவுகள். நாசா அவற்றின் எழுத்துப்படிகளையும் வெளியிட்டிருக்கிறது. இரைச்சல் மிகுந்தவை, கலைச்சொற்கள் நிறைந்தவை, முகம் தெரியாதவை. இவற்றில் பாதி பிடிபட்டாலே உங்களை நீங்களே தட்டிக்கொடுத்துக்கொள்ளலாம். பிளஸ் டூ மாணவர்களுக்கு இன்னொன்று: ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தரும் என்.பி.டி.இ.எல். பாட வீடியோக்கள். பலவற்றுக்கு எழுத்துப்படி உண்டு. கல்லூரியில் கேட்கப்போகும் குரல்கள் பெரும்பாலும் அத்தகையவையே.

ஓர் எச்சரிக்கை. யூடியூபில் கணினி தானே எழுதும் சப்டைட்டில்கள் 2009 முதல் இருக்கின்றன. பெயர்களிலும் கலைச்சொற்களிலும் அவை தடுமாறும். உங்கள் காதும் கணினியும் மாறுபட்டால், கணினியே சரி என்று உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். அதன் பிழையை நீங்கள் கண்டுபிடிக்கும் நாள் நல்ல நாள்!

சில கேள்விகள்

'ஆங்கிலேயரைப் போலப் பேச வேண்டுமா?' என்று கேட்கலாம். வேண்டியதில்லை. பிறர் பேச்சை விளங்கிக்கொள்வது வேறு. அவரைப்போல் நடிப்பது வேறு. கலாம் தம் உச்சரிப்பை மாற்றிக்கொள்ளாமலே ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் பேசினார்.

'சும்மா போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தால் போதாதா?' போதாது என்றே நினைக்கிறேன். 2003இல் பட்ரீசியா கூல் குழுவினர், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தார்கள். நேரில் விளையாட்டுக் காட்டிப் பேசியபோது குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிடித்துக்கொண்டன. அதையே வீடியோவில் காட்டியபோது பயன் ஏற்படவில்லை. நீங்கள் குழந்தைகள் இல்லை, வீடியோவிலிருந்தும் கற்கலாம். ஆனால் ஓடுகிற திரைக்கு முன் வெறுமனே உட்கார்ந்திருப்பதைக் கற்றல் என்று எண்ணிவிடாதீர்கள். பென்சில் ஓடவேண்டும்.

'வீட்டில் ஒரே கைப்பேசிதான், அதுவும் அப்பா கையில்' என்பீர்கள். உண்மையான இடர் இது. வாரத்துக்கு ஒரு நிமிடத் துணுக்கு ஒன்று போதும். அதற்கு அரைமணி நேரம் கேளுங்கள். நோட்டுப் புத்தகத்தில் விழும் சிவப்பு மையைக் காட்டினால் அப்பாவும் நம்புவார். ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு கணினியும் ஒலிபெருக்கியும் இருந்தால் நாற்பது மாணவர்களுக்குச் சேர்த்தே இந்தப் பயிற்சியை நடத்தலாம். வாரத்தில் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். தேர்வுத்தாளில் இதற்கு மதிப்பெண் குறைவாக இருக்கலாம். கல்லூரியின் முதல் மாதத்தில் உங்கள் மாணவர் வாய்திறந்து ஒரு சந்தேகம் கேட்பாரா மாட்டாரா என்பதை இந்த ஒரு பாடவேளை முடிவு செய்யக்கூடும்.

நண்பர்களே! ஊகிப்பது, சோதிப்பது, பிழை கண்டு திருத்துவது என்பதே அறிவியலின் வழி. அந்த வழி ஆய்வகத்துக்கு மட்டும் சொந்தமில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நிமிடத் துணுக்கோடு தொடங்குங்கள். எழுத்துப்படியை முதலில் மூடிவைக்க மறவாதீர்கள்!